காற்றைக் குடித்த லாரி

கொல்லிமலையில் விளையும் மரவள்ளிக்கிழங்கை ராசிபுரம், ஆத்தூர் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளுக்கு ஏற்றிச் செல்வது என் சித்தப்பாவின் தொழில். அதற்கு அவர் வைத்திருப்பது ஒரு பழைய ஆறு சக்கர லாரி. நாமக்கல்லில் அதற்குப் பாடி கட்டிய ஆசாரி இப்போது பேரனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதிலிருந்து அதன் வயதை ஊகித்துக்கொள்ளலாம். ஆலையில் கிழங்கின் மாவுச்சத்தை அளந்து பாயிண்ட் கணக்கில் விலை போடுவார்கள். பிடுங்கிய கிழங்கோ ஓரிரு நாளிலேயே கெடத் தொடங்கிவிடும். ஆகவே காலையில் லாரி கிளம்ப மறுத்தால், சித்தப்பாவின் காதில் விழுவது செல்ஃப் மோட்டாரின் சத்தமன்று, பாயிண்ட் குறைகிற சத்தம்.

அந்த லாரிக்கு வந்த நோய் விசித்திரமானது. ஊரில் வீட்டு வாசலில் நிறுத்தினால் மறுநாள் ஒரே செல்ஃபில் கிளம்பிவிடும். மலைமேல் செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ லோடு ஏற்றி, இரவு நிறுத்தி, விடிந்ததும் சாவியைத் திருப்பினால், பேட்டரி தளரும்வரை சுற்றுமே தவிர, இன்ஜின் மரியாதைக்குக்கூட ஒருமுறை உறுமாது. பிறகு கிளீனர் பையன் இறங்கி, டேங்கிலிருந்து டீசலை இழுத்து அனுப்பும் ஃபீட் பம்ப்பின் தலையிலிருக்கும் கை பம்ப்பை வியர்க்க வியர்க்க அடித்து, ஃபில்டர் மேலுள்ள காற்றை வெளியேற்றும் பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரைத்துக்கொண்டு வரும் டீசல் நுரையின்றித் தெளிந்து வரும்வரை பார்த்திருந்து இறுக்கினால், எதுவுமே நடக்காததுபோல் கிளம்பும். அந்தப் பையன் அடிக்கும்போதெல்லாம் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்: “பாதி டேங்குக்குக் கீழ போனாத்தானுங்க மக்கர் பண்ணுது.” அதற்குக் கிடைத்த ஒரே பதிலும் மாறாதது: “பேசாம பம்ப்ப அடிடா.”

செம்மேட்டு டீக்கடையில் நின்றவர்களுக்கு இது பொழுதுபோக்காகிவிட்டது. காற்று வரும் வழியில் துணியைக் கொளுத்திக் காட்டச் சொன்னார் ஒருவர். ஏர் கிளீனரில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினால் போதும் என்றார் இன்னொருவர். நல்லவேளையாகச் சித்தப்பா அவரை ஊற்றவும் விடவில்லை, உட்காரவும் விடவில்லை. திருஷ்டிதான் காரணம் என்று உறுதியாக நம்பிய ஒரு பெரியவரின் ஆலோசனைப்படி பம்ப்பருக்கு எலுமிச்சையும் மிளகாயும் கட்டப்பட்டன. லாரியின் கணக்குநோட்டை எழுதுபவன் நானாகையால், அந்தச் செலவை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று யோசித்து, கடைசியில் ‘மின்சார வேலை’ என்பதன் கீழ் எழுதினேன். ஏனெனில் அந்த வாரம் பேட்டரி வேலையும் நடந்துகொண்டிருந்தது.

பேட்டரியைச் சந்தேகித்ததில் நியாயம் உண்டு. டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டியைப்போல் ஸ்பார்க் பிளக் கிடையாது. 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய இன்ஜினிலிருந்து இன்றுவரை சூத்திரம் ஒன்றுதான்: சிலிண்டருக்குள் காற்றைச் சுமார் பதினேழில் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும், அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே, மார்கழி விடியலில், தளர்ந்த பேட்டரி மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு கிடைக்காமல் போகலாம் என்பது மெக்கானிக்கின் வாதம். பேட்டரிகள் இரண்டும் மாற்றப்பட்டன, எர்த் கேபிள் சுரண்டி இறுக்கப்பட்டது, செல்ஃப் மோட்டாருக்குப் புதிய கார்பன் போடப்பட்டது. விளைவாக, லாரி முன்பைவிட மிக வேகமாகச் சுற்றிக்கொண்டே ஸ்டார்ட் ஆகாமல் இருந்தது.

அடுத்து, இன்ஜினுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் பம்ப்பைப் பழுதுபார்க்கும் கடை. எந்த டீசல் பம்ப்பாக இருந்தாலும் அந்தக் கடைப் பெரியவர் ‘மைக்கோ’ என்றுதான் சொல்வார். 1951இல் தொடங்கப்பட்ட அந்த பெங்களூரு நிறுவனம் 2008இல் பாஷ் என்று பெயரை மாற்றிக்கொண்டது அவரைப் பொறுத்தவரை அவர்கள் சொந்த விவகாரம். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்கள் நான்கையும் கழற்றிச் சோதனைக் கருவியில் பூட்டி, ஒவ்வொன்றும் 200 பார் அழுத்தத்தில் திறந்து பனிபோல் தூவுகிறதா என்று பார்த்தவர், குறையில்லை என்று திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டார்.

“செல்ஃப் அடிக்கையில சைலன்சர்ல புகை வருதுங்களா?”

இத்தனை நாளும் எல்லாரும் முன்பக்கமே நின்றிருந்தோம். லாரியின் பின்னால் போய்ப் பார்த்தவர் ஒருவருமில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். புகையே வரவில்லையென்றால் டீசல் போகவே இல்லை என்று பொருள் என்றார் அவர். அடுத்த முறை மலையில் மக்கர் செய்தபோது நான் சைலன்சருக்கு அருகில் நின்றேன். துளிப் புகையில்லை.

ஆக, காற்று பிடிக்கிறது. நாசிலுக்கு டீசல் அனுப்பும் பம்ப்பின் பிளஞ்சர் என்னும் உந்துதண்டு டீசலைத் தள்ளினால் அழுத்தம் ஏறி நாசில் திறக்கும். டீசலின் இடத்தில் காற்று நின்றால், பிளஞ்சர் தள்ளத் தள்ளக் காற்று சுருங்கிச் சுருங்கி விரியுமே தவிர நாசில் திறக்காது. காற்று எங்கே நுழைகிறது என்பதுதான் சிக்கல். ஃபீட் பம்ப்புக்குப் பிறகு ஓட்டையிருந்தால் அழுத்தத்தால் டீசல் வெளியே சொட்டும், கண்ணால் பார்த்து இறுக்கிவிடலாம். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையிலான பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே ஓட்டையிருந்தால், பாதியில் கிழிந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பதுபோல, வெளியிலிருந்து காற்றுதான் உள்ளே போகும், ஒரு சொட்டும் வெளியே வராது. இரவெல்லாம் அந்த வழியாகக் காற்று புகப் புக, பைப்பில் நின்ற டீசல் சத்தமில்லாமல் டேங்குக்கே திரும்பிவிடும். பகலில் ஓடும்போது ஃபீட் பம்ப் தேவைக்கு மேலேயே தள்ளுவதால், சிறு குமிழ்கள் மிச்ச டீசல் திரும்பும் ஓவர்ஃப்ளோ வழியாகப் போய்விடுகின்றன, நோய் தெரிவதில்லை.

மெக்கானிக் இப்போது உற்சாகமாகிவிட்டார். ஃபீட் பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்துக் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணாடி ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையை டீசல் நிரப்பிய வெள்ளைக் கேனுக்குள் விட்டு, கேனை கேபின் படிமேல் உயர்த்தி வைத்துக் காற்றெடுத்தார். இரவு அப்படியே நின்ற லாரி, மூக்கு மேடு பார்த்து நின்றபோதும், மறுநாள் காலை சாவியைத் திருப்பிய நொடியில் கிளம்பியது. டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையில்தான் திருடன் என்பது உறுதியானது.

அதன்பின் அந்தச் சில அடி நீளக் குழாய்க்கு நடந்த மருத்துவம், எங்கள் வீட்டில் மனிதர்களுக்குக்கூட நடந்ததில்லை. கிளாம்ப்புக்கு அடியில் வெடித்திருந்த ரப்பர் ஹோஸ் மாற்றப்பட்டது. குழாய் முனைகளைப் பூட்டும் பாஞ்சோ போல்ட்டுகளின் செப்பு வாஷர்கள் பலமுறை இறுக்கப்பட்டதில் கெட்டித்துப்போயிருந்தன. புதியது சில்லறைக் காசுதான் என்றாலும், பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மீண்டும் மிருதுவாகும் என்று மெக்கானிக் சொன்னதும், சித்தப்பா அவற்றைச் சித்தியின் கேஸ் அடுப்பில் வைத்துவிட்டார். செம்பு உண்மையாகவே மிருதுவானது. சித்தி மிருதுவாகச் சில நாட்கள் பிடித்தன.

டேங்க் நிறைய டீசல் அடித்துச் சோதித்தபோது எல்லாம் சரியாகிவிட்டது. அடுத்த நடையில் மலையில் மறுபடி அதே கதை. கிளீனர் கை பம்ப்பை அடித்தபடி, யாரையும் பார்க்காமல், “பாதி டேங்குக்குக் கீழ போயிருச்சுங்க” என்றான். மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, முதல்முறையாக அவனை முழுதாகத் திரும்பிப் பார்த்தார்.

ஆலையில் பணம் கைக்கு வந்த மாலையில் டீசல் நிரப்புவது சித்தப்பாவின் வழக்கம். அதனால் வீட்டு வாசலில் டேங்க் எப்போதும் நிறைந்திருக்கும். மேலும் வாசல் சரிவில் லாரி மூக்கைத் தாழ்த்தி நிற்கும். உள்ளூர் நடைகளை முடித்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சேரும்போது டீசல் பாதிக்குக் கீழே இருக்கும். லாரியும் மூக்கை உயர்த்தி நிற்கும். டேங்கின் மூடியைத் திறந்து, உள்ளே இறங்கும் சக்‌ஷன் பைப்பை உருவினார்கள். டேங்குக்குள் டீசல் குலுங்காமலிருக்க வைத்த தடுப்புத் தகட்டில் பல வருடங்களாக உரசி உரசி, பைப்பின் நடுவில் மயிரிழைபோல் ஒரு விரிசல் விழுந்திருந்தது. விரிசலுக்கு மேலே டீசல் நிற்கும்வரை அது டீசலையே உறிஞ்சும். மட்டம் இறங்கியதும் காற்றை உறிஞ்சும். வெளியிலிருந்து எத்தனை வருடம் தேடினாலும் கண்ணில் பட்டிருக்காது.

பைப்பைக் கழுவி, தனியே எடுத்துப்போய்க் கேஸ் வெல்டிங்கில் பித்தளை வைத்து அடைத்தார்கள். ஒரு முனையைக் கட்டைவிரலால் மூடி, சோப்புத் தண்ணீரில் அமிழ்த்தி, மறுமுனையில் மெக்கானிக் வாய்வைத்து ஊதினார், குமிழி வரவில்லை. டீசலின் ருசி மட்டும் அவர் வாயில் மாலைவரை இருந்ததாகச் சொன்னார். அடைத்த கூலி, எலுமிச்சைக்கும் மிளகாய்க்கும் ஆன செலவைவிட அதிகம்தான், ஆனால் பேட்டரிகளுக்கு முன்னால் அதைச் சொல்லவே கூசியது.

இப்போது லாரியில் கிளீனரின் சொல்லுக்குத் தனி மதிப்பு. சென்ற வாரம் மலையிறங்கும்போது, கிழங்குப் பாரத்துடன், ஒரு வளைவில், “டீசல் வாசம் அடிக்குதுங்க” என்று அவன் சொன்ன மாத்திரத்தில் சித்தப்பா லாரியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அடியில் படுத்து, டேங்கிலிருந்து நாசில்வரை ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தார். பின்னால் இரண்டு பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. சீட்டுக்குப் பின்னால், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று சித்தப்பாவே பத்திரப்படுத்தியிருந்த அந்த வெள்ளைக் கேனின் மூடி கழன்றிருந்தது.