உட்காராத டியூப்லெஸ் டயர்

மாதக்கணக்கில் காற்றில்லாமல் கிடந்த கார் டயர் வந்தால் எங்கள் பட்டறையில் அது என் தலையில்தான் விழும். ஓரம் உள்ளே மடங்கியிருக்கும். அடிக்கிற காற்றெல்லாம் ரிம் வழியே வெளியே ஓடிவிடும். முதலில் ரிம் ஓரத்துத் துருவைக் கம்பி பிரஷால் தேய்ப்பேன். அப்புறம் சோப்புத் தண்ணீர். அதற்கும் மசியாவிட்டால் வால்வுக்குள் இருக்கும் பின்னைக் கழற்றிவிட்டு அடிப்பேன். காற்று வேகமாக உள்ளே போகும். இன்னும் அடம்பிடித்தால் டயரைச் சுற்றி பெல்ட் கட்டி நடுவில் இறுக்கணும். ஓரங்கள் ரிம்மை நோக்கி விரியும். காற்று பிடித்ததும் பெல்ட்டைக் கழற்றிவிடணும்.

டயரின் இரண்டு ஓரமும் 'டப்' என்று ரிம்மில் உட்காரணும். 40 பிஎஸ்ஐ வந்தும் உட்காரவில்லையா? காற்றை முழுக்க இறக்கி, மறுபடி சோப்பு போடு. அதற்கு மேல் ஏற்றினால் டயர் ஓரத்துக்குள் இருக்கும் பீட் கம்பி அறுந்து டயர் வெடிக்கலாம். பல டயர்களின் பக்கவாட்டிலேயே இந்த 40 அச்சாகியிருக்கிறது, யார் படிக்கிறார்கள்! நான் நீளமான ஹோஸைக் கிளிப்பால் வால்வில் மாட்டிவிட்டுத் தள்ளித்தான் நிற்பேன்.

பெட்ரோல் தெளித்துத் தீ வைத்து உட்கார வைக்கும் வீடியோவைக் காட்டி, நாமும் செய்யலாமா என்று பையன்கள் கேட்கிறார்கள். எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் ஆவி டயருக்குள்ளேயே தங்கிவிடும். பின்னொரு நாள் யாராவது அந்த ரிம்மில் வெல்டிங் வைத்தால் வெடிக்கும். இங்கே அது கிடையாது என்று சொல்லிவிட்டேன்.