குறிஞ்சித்தேன், மூன்றாவது தடவை

எங்கள் வீட்டில் புத்தகங்கள் சமையலறையில்தான் இருக்கும். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பத்து நாளைக்குச் சுவர் காயாது. பீரோவுக்குள் வைத்தால் அட்டையெல்லாம் பூசணம் பிடித்துவிடும். அதனால் விறகடுப்புக்கு மேலே உள்ள பலகையில் அடுக்கி வைத்திருக்கிறேன். எதை விரித்தாலும் புகை வாசம் அடிக்கும். எனக்கு அது பிடிக்கும். ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ நாவலை இந்த மழைக்கு அங்கேயிருந்துதான் மறுபடி இறக்கினேன்.

முதலில் படித்தது 2006-இல், பிளஸ் டூ படிக்கும்போது. அந்த வருஷம் குறிஞ்சி பூத்திருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் அந்தப் பூவை வைத்தே காலத்தை எண்ணும் நாவல் இது. என்னோடு படித்த படகர் வீட்டுப் பெண், “எங்க ஹட்டி ஆளுங்க கதை, படிச்சுப் பாரு” என்று நூலகத்திலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். ஹட்டி என்றால் இந்த நீலகிரி மலையில் படகர் மக்கள் வாழும் ஊர். மண்ணை விட்டு நகராத ஜோகி, பணத்தின் பின்னால் போகும் ரங்கன், அப்புறம் பாரு. சாமையும் ராகியும் விளைந்த மண்ணில் உருளைக்கிழங்கும் தேயிலையும் ஏற ஏற, மனிதர்களும் மாறுகிறார்கள். அந்த வயதில் எனக்கு பாரு ஒருத்திதான் கண்ணில் பட்டாள். மனதில் நினைத்தவன் ஒருவன், வாய்த்தவன் இன்னொருவன். அவளுக்காக இரண்டு நாள் அழுதேன்.

2018-இல் மறுபடி குறிஞ்சி பூத்தது. இடுப்பில் இரண்டு வயது மகனை வைத்துக்கொண்டு அதே நாவலைப் படித்தேன். இந்தத் தடவை பாருவைத் தாண்டித் தேயிலை தெரிந்தது. அந்த ஹட்டிக்குத் தேயிலையோடு சேர்ந்து ஓர் இழப்பும் வருகிறது. எங்கள் வீட்டுக்கோ தேயிலைதான் சோறு. 1964-இல் போட்ட சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம் நாங்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, அரசாங்கத்தின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க வந்தவள் என் அப்பாயி. ஜோகிக்காக வருத்தப்படும்போதே, அந்தச் செடி இல்லையென்றால் நான் இந்த மலையிலேயே பிறந்திருக்க மாட்டேனே என்றும் தோன்றியது. இரண்டும் உண்மை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சில நாள் புத்தகத்தைத் தொடவே இல்லை.

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு சாயங்காலம் கரன்ட் போயிருந்தது. அடுப்பு வெளிச்சத்தில் ஜோகியின் நிலத்தைப் பற்றிய பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அங்க தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால நாங்களும் ஒரு துண்டுல அவரை போட்டிருந்தோம். கப்பல் ஏறக் கெளம்புன அன்னைக்குக் கொடி நெறையக் காய்” என்றாள். அதுவரை அந்த அவரைக்கொடியைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது. என் அப்பாவுக்கே தெரியாது.

எனக்கு இதனால்தான் புது நாவலை விடப் பழைய நாவல் பெரிதாகத் தெரிகிறது. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளையும் அப்படித்தான் திரும்பத் திரும்ப எடுப்பேன். கல்லூரி நாட்களில் பாபுவும் யமுனாவும் என்ன ஆவார்களோ என்ற தவிப்பில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். இப்போது ரங்கண்ணாவிடம் பாபு பாட்டுக் கற்கும் இடம் வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன். சங்கீதம் எனக்குத் தெரியாது. ஒரு கிழவர் தனக்குத் தெரிந்த அத்தனையையும் ஒரு பையன் கையில் கொடுத்துவிடத் துடிப்பது மட்டும் நன்றாகப் புரிகிறது.

அடுத்த குறிஞ்சி 2030-இல். அதுவரை காத்திருக்க மனம் வரவில்லை. அப்பாயி போய் நான்கு வருஷம் ஆகிறது. அன்றைக்குப் படித்து முடித்ததும், “அந்தப் பையனுக்கு நெலம் தங்குச்சா?” என்று கேட்டாள். எனக்கு முடிவு தெரியும். “இன்னும் நெறையப் பக்கம் இருக்கு அப்பாயி” என்று மட்டும் சொன்னேன்.

அந்த இடத்துக்கு இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது. மெதுவாகத்தான் படிக்கிறேன்.