மை வைக்காத விரல்

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா என் பெயரைக் கேட்டார், முகவரியைக் கேட்டார், இந்தத் தேர்தலில் ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பச்சையில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. இடது கையை மேசைமேல் வைத்து, ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விரலில் அடிபட்டுவிட்டதா? பிளாஸ்திரி வேண்டுமா?" என்று கனிவாகக் கேட்டார்.

பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

2025 மே 3, சனிக்கிழமை. மெல்பர்னின் தென்கிழக்கே எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளி. ஆஸ்திரேலியக் குடிமகளாக நான் போட்ட முதல் ஓட்டு அது. ஊரில் மறுநாள் அக்னி நட்சத்திரம் தொடங்க இருந்தது. நான் இங்கே ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தேன்.

வந்து ஒன்பது வருஷம் ஆகப்போகிறது, எல்லாம் பழகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். குடியுரிமைத் தேர்வில் 20 கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னவள் நான். விழாவில் ஒரு செடி கொடுத்தார்கள். அது அடுத்த கோடையைத் தாண்டவில்லை. நான் தாண்டிவிட்டேன். ஆனால் மை வைப்பதற்கு நீளும் விரலை எந்தத் தேர்வு நடத்தி மடக்குவது?

எங்கள் அப்பா விருதுநகரில் பள்ளிக்கூட வாத்தியார். வாத்தியார் வீட்டில் தேர்தல் என்றால் கட்சி கிடையாது, டியூட்டி மட்டும்தான். ஓட்டுக்கு முந்தின நாளே ஒரு துணிப்பையில் லுங்கி, துண்டு, கொசுவத்தி, டார்ச் எல்லாம் எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் போய்விடுவார். மறுநாள் நள்ளிரவுக்கு மேல்தான் திரும்புவார். சட்டையில் அரக்கு வாசனை வரும். மை வைக்கிற வேலை அவருக்கு வந்த வருஷங்களில் வலது கை விரல்கள் அத்தனையும் கறுத்திருக்கும். வைக்கும்போது ஊதா மாதிரி தெரிகிற மை, வெயில் பட்டால் கறுத்துவிடும். அதில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது என்று அப்பா விளக்குவார். அம்மாவுக்கு அந்த வேதியியல் ஒன்றும் தேவையில்லை. "அந்தக் கையோட சோத்தப் பிசையாதீக" என்று ஸ்பூனை எடுத்துக் கொடுத்துவிடுவாள். ரசம் சோற்றை ஸ்பூனால் துழாவிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருக்கும் காட்சிதான் எனக்குத் தேர்தல்.

1962 தேர்தலிலிருந்து இந்தியா முழுக்க வைக்கிற மை மைசூரில் ஒரே ஒரு அரசு ஆலையிலிருந்துதான் போகிறது. தோலில் பட்டது கொஞ்ச நாளில் உரிந்துவிடும். நகத்தில் பட்டது லேசில் போகாது. நகம் வளர வளர அந்தக் கறுப்புக் கோடு மெல்ல மேலேறி, ஒருநாள் நகவெட்டியில் சிக்கிப் போகும். எனக்குக் கடைசியாக மை வைத்தது 2016 மே 16, சட்டமன்றத் தேர்தலில். ஜூலையில் விமானம் ஏறும்போது நகத்தின் பாதியில் கோடு இருந்தது. அதை எங்கே வெட்டிப் போட்டேன் என்று நினைவில்லை. இங்கே வாடகைக்கு எடுத்த முதல் வீட்டுக் குப்பைத்தொட்டியாகத்தான் இருக்கும்.

சரி, இந்த ஊர்த் தேர்தலுக்கு வருவோம். அடையாள அட்டை கேட்கவில்லை. பூத் சிலிப் கிடையாது. பட்டியலை விரித்துவைத்துக்கொண்டு "இது யாரு, மேலத்தெரு முருகேசன் மகளா?" என்று கேட்க ஏஜெண்டும் கிடையாது. ஊரில் சாவடிக்கு நூறு மீட்டருக்குள் பிரசாரம் கூடாது என்று சுண்ணாம்பில் கோடு போட்டிருப்பார்கள். இங்கே ஆறு மீட்டர் விலகி நின்றால் போதும், கலர் பனியன் போட்ட கட்சிக்காரர்கள் கையில் நோட்டீசைத் திணிக்கலாம். உள்ளே அட்டைத் தடுப்பு, அட்டைப் பெட்டி, பென்சில். பென்சிலைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. இதை அப்பாவிடம் சொன்னால் இரண்டு நாள் தூங்கமாட்டார்.

பச்சைத் தாள் கீழவைக்கு. அதில் ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வரமுடியாது. எல்லோருக்கும் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் அதன் சுகம் புரிந்தது. ஊரில் பிடிக்காதவருக்கு நாம் செய்யமுடிந்தது ஓட்டுப் போடாமல் இருப்பது ஒன்றுதான். இங்கே அவரைத் தேடிப்பிடித்து, கடைசி எண்ணை நிதானமாக எழுதி, பென்சிலை ஒருதரம் அழுத்திவிட்டு வரலாம். உலகத்துக்கு ஆஸ்திரேலியா கொடுத்த கொடைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

மேலவைக்கான வெள்ளைத் தாள் மேசைவிரிப்பு அளவுக்கு இருந்தது. பக்கத்துத் தடுப்பில் ஒரு பெரியவர் அதை மடிக்க முடியாமல் திணறினார். எனக்கு மொடக்குறிச்சி ஞாபகம் வந்தது. 1996இல் அந்த ஒரு தொகுதியில் 1033 பேர் நின்றார்கள், பெரும்பாலும் விவசாயிகள். ஓட்டுச்சீட்டைப் புத்தகமாகத் தைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. நல்லவேளை டியூட்டி அங்கே விழவில்லை என்று அப்பா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தால் புகை. பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் அடுப்பு வைத்து சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு துண்டு ரொட்டி, அதில் ஒரு சாசேஜ், வதக்கிய வெங்காயம், மேலே தக்காளி சாஸ். 'ஜனநாயக சாசேஜ்' என்றே அதற்குப் பெயர். காசு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. "நம்ம ஊர்ல பிரியாணியும் கொடுத்து காசும் கொடுப்பாங்க. இங்க நாமல்ல காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கு" என்றார் வீட்டுக்காரர். அவருக்குச் சொந்த ஊர் திருமங்கலம். 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்த ஊர்க்காரர்களுக்கு இதைப் பற்றிப் பேச ஒரு தனித் தகுதி வந்துவிட்டது. போடாமல் விட்டால் 20 டாலர் அபராதம் என்பதையும் அவர்தான் அடிக்கடி நினைவூட்டுவார். ஓட்டுக்குக் காசு வாங்குவது தெரியும், போடாததற்குக் காசு கட்டுவதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பார்.

வாசலில் யாழ்ப்பாணத்து அக்கா நின்றிருந்தார். எங்கள் தெருவில்தான் வீடு, வந்து முப்பது வருஷத்துக்கு மேல். விரல் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், தன் இடது கைச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கு இதிலதான் பூசுறவை, பிள்ளை. நான் ஒரேயொருக்காத்தான் பூசினனான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஐந்து தடவை மை வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

அன்றிரவு தொலைக்காட்சியில் முடிவுகள். எதிர்க்கட்சித் தலைவர் டட்டன், 2001லிருந்து கையில் வைத்திருந்த சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். 2007இல் பிரதமர் ஹோவர்டும் அப்படித்தான் தோற்றாராம். இங்குள்ளவர்கள் அதிசயம்போல் பேசிக்கொண்டிருந்தார்கள். விருதுநகர்க்காரிக்கு இது புதிதா? 1967இல் காமராஜரையே 1285 ஓட்டில் தோற்கடித்த ஊர். அதுவும் ஒரு மாணவர் தலைவரிடம். அப்பாவுக்கு அப்போது பதினாறு வயது, ஓட்டுக் கிடையாது. இருந்தும் தெப்பக்குளத்துப் பக்கம் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு முன்னால் உட்கார்ந்து இந்தப் பேச்சு எழுந்தால், தானே அந்த 1285 பேரில் ஒருவர் மாதிரித் தலையைக் குனிந்துகொள்வார்.

இதையெல்லாம் என் மகளிடம் சொன்னேன். "காமராஜ் எந்தக் கட்சி, லேபரா?" என்றாள். பிறகு தனக்குத் தெரிந்த கதையைச் சொன்னாள். 1967 டிசம்பரில் இந்த நாட்டுப் பிரதமர் ஹரால்ட் ஹோல்ட் கடலில் குளிக்கப் போனவர் திரும்பவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை. மெல்பர்னில் ஒரு நீச்சல்குளத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். நிஜம். குதிரைப் பந்தயத்துக்கு நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அரசு விடுமுறை விடுகிற ஊர், இதையும் செய்யும்தான். பங்குனிப் பொங்கலுக்கு இங்கே ஒருநாள்கூட லீவு கிடையாது. மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற நாளில் நான் அலுவலக மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன்.

அதுவும் பழகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் கழித்து, நவம்பரில், தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வாக்குச்சாவடி நிலை அலுவலரான பி.எல்.ஓ. படிவத்தோடு எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார். அப்பாவுடைய பழைய மாணவியாம். அப்பா, அம்மா, நான் என்று மூன்று படிவம். நான் குடியுரிமை மாறியதும் பெயரை நீக்கச் சொல்லி எழுதியிருக்க வேண்டும். நாளை நாளை என்று தள்ளிப்போட்டிருந்தேன். உள்ளபடி சொன்னால் தள்ளிப்போட விரும்பினேன்.

அன்று ராத்திரி அப்பா போன் பண்ணினார். குரல் கொஞ்சம் அதிகாரியாக இருந்தது.

"பாப்பா, உன் பேர எடுத்துரச் சொல்லிட்டேன். நாப்பது வருஷம் டியூட்டி பாத்தவன் வீட்டுலயே தப்பான பேரு இருக்கக் கூடாதுல்ல."

"சரிதாம்பா. என்ன காரணம்னு போட்டாங்க?"

"அதுக்குன்னு வாசகம் இருக்கு. நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவரே, "அந்தப் பிள்ளை டீ குடிச்சிட்டுத்தான் போச்சு" என்றார். அங்கே பென்சிலில் எழுதினால் யாரும் அழித்துவிட மாட்டார்களா என்று கேட்டார். இதோடு நாலாவது தடவையாகக் கேட்கிறார்.