கம்வே

தன் சரிவு நிலத்தில் காட்டு மரக்கன்று நடும்படி நான் கேட்டபோது, அந்த அம்மா முதலில் கேட்டது ஒரு கேள்வி. "காட்டு மரம் வளர்ந்தால், என் நிலத்தையும் காடு என்று எடுத்துக்கொள்வார்களா?"

"கம்வே" என்றேன். ஸ்வாஹிலியில் 'ஒருபோதும் இல்லை' என்று பொருள். ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கென்யாவின் தைத்தா குன்றுகளில் உள்ள மேகக்காட்டில் எஞ்சியவை துண்டுகள்தான். பெரியவை எனப்படும் ம்போலோலோவும் ங்கங்காவோவும்கூடச் சில நூறு ஏக்கர்களே. இடையில் மக்காச்சோளம், தைலமரம், பைன். தைத்தா பூங்குருவி உலகில் வேறெங்கும் கிடையாது. காட்டுத்தரையில் சருகைக் கிளறி இரை தேடும் அது, வெட்டவெளியைக் கடக்கத் தயங்கும். இரண்டு துண்டுகளுக்கு நடுவே இருந்தது அந்த அம்மாவின் சரிவு; அங்கே காட்டு மரம் வளர்ந்தால் அவை இணையும். நவம்பர் மழை பிடித்துவிட்டது. நாற்றங்காலில் மக்கரங்கா, ப்ரூனஸ் ஆப்பிரிக்கானா என்ற காட்டு மரக்கன்றுகள் பையைக் கிழித்து வேர்விட்டிருந்தன.

நான் சொன்னது பொய்யில்லை. பத்திரம் அவர் பெயரில் இருக்கிறது. நிலம் எடுக்கும் பேச்சே அங்கு இல்லை. ஆனால் எல்லைக்கு அப்பால், தான்சானியாவின் கிழக்கு உசம்பாராவில் நடந்தது எனக்குத் தெரியும். இதே மலைத்தொடர்தான். பிரிந்த காடுகளை டெரேமா என்ற இடத்தின் வழியாக இணைப்பதற்காக ஏலக்காய் விவசாயிகள் பயிரை இழந்தார்கள். இழப்பீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த அம்மா பயந்தது கற்பனைக்கு அல்ல. பக்கத்து நாட்டில் நடந்த ஒன்றுக்கு. அதை நான் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் மறுத்திருப்பார், சரிவில் தைலமரமே நின்றிருக்கும். இப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்கிறேன். மறுத்திருப்பார் என்பது மட்டும் எனக்கு எப்படித் தெரியும்? தைலமரம் சில ஆண்டுகளில் வீட்டுக்குக் கம்பு தரும், இந்த மரங்கள் தரா என்று சொன்னபோது அவர் தயங்கவே இல்லை. "நிழல் இருக்கும் அல்லவா?" என்றுதான் கேட்டார். அப்படிப்பட்டவரிடம் முழுவதையும் சொல்லியிருக்கலாம்.

மக்கரங்கா இப்போது ஆள் உயரம் தாண்டிவிட்டது. அதன் நிழலில் ப்ரூனஸ் மெல்லத் தலைதூக்குகிறது. போன முறை போனபோது, கீழ்ச்சரிவுக்காரர்கள் இருவர் தங்களுக்கும் கன்று வேண்டும் என்று காத்திருந்தார்கள். அவர்களுக்கும் அதே பயம் இருந்ததாம். அந்த அம்மாவே பதில் சொல்லிவிட்டாராம்: "கம்வே. கன்று கொடுத்தவரே சொன்னார்."

நான் திருத்தவில்லை. இருவருக்கும் எத்தனை கன்று வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.