சுண்டலுக்கு ஊறப்போட்ட கடலை இல்லைங்க அது

நாத்தனார் மகள் பெங்களூருவில் வேலைக்குச் சேர்ந்ததும் வீகன் ஆகிவிட்டாள். லீவுக்குக் கோயம்புத்தூர் வருகிறாள் என்றதும் என் மாமியாருக்கு ஒரே கவலை. "பால் ஆகாதாம், தயிர் ஆகாதாம், நெய்யும் ஆகாதாம். சரி, மோராச்சும் குடிப்பாளா?" என்று கேட்டார். தேனும் கிடையாது என்றேன். "அந்தத் தேனீ என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். தேனீக்குப் பாவம் பார்த்துத்தான் என்று விளக்க எனக்குத் தெம்பில்லை.

வந்தவள் பிளாண்டி கேட்டாள். கோகோ சேர்க்காத பிரவுனி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுப்புச் சர்க்கரையும் வெண்ணெயும்தான் அதற்கு ருசி. வெண்ணெய், முட்டை இரண்டையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? கொண்டைக்கடலை! மைதாகூட வேண்டாமாம்.

முந்தின இரவே வெள்ளைக் கடலையை ஊறப்போட்டேன். காலையில் குக்கர் ஆவி அடங்குவதற்குள் மாமியார் தேங்காய் துருவி, கறிவேப்பிலை உருவி, வரமிளகாயைக் கிள்ளித் தயாராக நின்றார்.

"தாளிச்சுரலாமா கண்ணு?"

"இல்லைங்க அத்தை, இது கேக்குக்கு."

கறிவேப்பிலையை மேடையில் வைத்துவிட்டு நேராக மாமாவிடம் போனார். என்ன சொன்னாரோ, மாமா எட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கடலை வெந்த தண்ணீரைக் கொட்டப் போனேன். "ஐயோ அத்தை, அது அக்வாஃபாபா!" என்று நாத்தனார் மகள் ஓடிவர, "கொட்டீராத, ரசத்துக்கு ஆகும்" என்று மாமியாரும் வர, பாத்திரம் என் கையில் அப்படியே நின்றது. ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் 2014இல் இந்த மாதிரித் தண்ணீரை அடித்தால் முட்டை வெள்ளைக்கரு போல நுரைக்கும் என்று கண்டு சொன்னாராம். 3 மேசைக்கரண்டி ஒரு முட்டைக்குச் சமம் என்கிறார்கள். நம் பிளாண்டிக்கு அது தேவைப்படவில்லை. ரசம் ஜெயித்தது.

ஒன்றரை கப் வெந்த கடலை, அரை கப் வேர்க்கடலை வெண்ணெய், அரை கப் நாட்டுச்சர்க்கரை, வெனிலா, தாராளமாக ஒரு சிட்டிகை உப்பு, அரை ஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் ஸ்பூன் சோடா. மிக்ஸி திணறினால் கொஞ்சம் தேங்காய்ப்பால். நைசாக அரைபட வேண்டும். ஒரு கடலை முழுசாகத் தென்பட்டாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். பால் சேராத டார்க் சாக்லேட்டை நறுக்கித் தூவி, 180 டிகிரியில் 25 நிமிடம். பச்சை மாவு, முட்டை எதுவும் இல்லாததால் ஜாரை வழித்து நக்கும் உரிமையை என் மகன் எடுத்துக்கொண்டான்.

நன்றாக ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும், சூட்டில் கத்தி வைத்தால் உதிர்ந்துபோகும். சாயங்காலம் தட்டில் அடுக்கி வைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஒன்றைத் தின்றுவிட்டு, "முந்திரிதானே அரைச்சுப் போட்டிருக்க?" என்று இன்னொன்றை எடுத்தார். நாத்தனார் பாதாம் என்றார். மாமா, "பால்கோவா மாதிரி இருக்குது" என்றார், வீகன் பலகாரத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது.

அப்போதுதான் ஜார் நக்கியவன் வாயைத் திறந்தான். "அது கொண்டக்கடலை!"

அக்காவின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது. "அதானே பார்த்தேன், அப்பவே ஒரு கடலை வாசம் வந்துச்சு." நாத்தனாருக்கு உடனே வாயுத் தொல்லை ஞாபகம் வந்து, பெருங்காயம் போட்டிருக்கலாம் என்றார். ஒரு நிமிடம் முன்னால் முந்திரியாக இருந்ததுதான் அது!

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "லட்டு எதுல பண்றீங்க? மைசூர்பாகு எதுல? போளிக்குள்ள என்ன இருக்குது?"

"அதெல்லாம் கடலைப்பருப்புங்க" என்றார் அக்கா.

"கறுப்புக் கொண்டக்கடலையைத் தோல் நீக்கி உடைச்சா வேற என்னம்மா வரும்?"

நான் மாமா கட்சி. மைசூர்பாகு என்றால் நெய்யில் குளிப்பாட்டித் தின்கிறோம், அதே கடலை சதுரமாக ஆங்கிலப் பெயரோடு வந்தால் வாசம் அடிக்கிறதாம். அக்கா பதில் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகக் கையிலிருந்ததையும் முடித்துவிட்டார்.

இத்தனைக்கும் வாயே திறக்காதவர் மாமியார்தான். கடைசித் துண்டை முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு எழுந்தவர், பேத்தியைப் பார்த்து, "ஏஞ்சாமி, இதையே தட்டப்பயிறுல பண்ணலாமா? தோட்டத்துல அதுதான் நிறையக் கெடக்குது" என்றார்.

"அமெரிக்காவுல கறுப்பு பீன்ஸ்லயே பிரவுனி பண்றாங்க அம்மாயி."

அன்றிரவே ரெண்டு படி தட்டப்பயறு ஊறிவிட்டது.