பொருக்கைப் பிய்க்காதீங்க!

செட்டிநாட்டு ஆத்தங்குடியில சிமெண்ட் டைல்ஸ் வார்க்கிற கண்ணாடி விளிம்பு கிழிச்சாலும் சரி, அரிவாள்மணை பட்டாலும் சரி, உடம்பு செய்யிற வேலை ஒண்ணுதான். முதல்ல அறுபட்ட ரத்தக்குழாய் சுருங்கும். ரத்தத்தில இருக்கிற தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஓடி வந்து ஓட்டையில ஒட்டும். பிறகு ரத்தத்தில கரைஞ்சிருக்கிற ஃபைப்ரினோஜன்கிற புரதம், ஃபைப்ரின் நூலாகி வலை பின்னும். சிவப்பணுக்கள் அதில சிக்கினா ரத்தக்கட்டி. அது காய்ஞ்சா பொருக்கு.

சுத்தமான துணியை வச்சு 10 நிமிஷம் விடாம அழுத்துங்க. நின்னுச்சான்னு நடுவுல எடுத்துப் பார்க்கிறதுதான் பெரிய தப்பு, பின்னின வலை துணியோட பிஞ்சு வந்துடும். ஆச்சிமார் காயத்தில அப்புற காபித்தூள், சுண்ணாம்பு ரெண்டும் வேணாம். தூள் உள்ளே தங்கினா சீழ் பிடிக்கும், சுண்ணாம்பு தோலைப் பொசுக்கும். நின்ன பிறகு குழாய்த் தண்ணியில கழுவுங்க. கையில சிமெண்ட் இருந்தா ரொம்ப நேரம் கழுவணும், சுண்ணாம்பு மாதிரி அதுவும் தோலை அரிக்கிற காரம்தான் (ஆல்கலி).

பொருக்குக்கு அடியில புதுத் தோல் செல்கள் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகரும். பிய்ச்சா அந்தத் தோலும் சேர்ந்து வரும், தழும்பு விழும். சொல்லப்போனா, காயவிடுறதைவிட மெல்லிசா வாஸலின் தடவி மூடிவச்சா சீக்கிரம் ஆறும். ஈரம் காயாம மூடின காயம் சீக்கிரம் ஆறும்னு 1962-ல ஜார்ஜ் விண்டர்ங்கிற ஆய்வாளர் பன்றித் தோல்ல காட்டினார்.

ரத்தம் உறையிறதைக் குறைக்கிற ஆஸ்பிரின், வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ரத்தம் நிக்க நேரமாகும். பீய்ச்சி அடிச்சாலோ, காயம் வாய் பிளந்திருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. அழுக்குக் காயம், கடைசி டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு 5 வருஷம் தாண்டிடுச்சுன்னா இன்னொண்ணு போடணும்.