1964 சமசமாஜ இடது எதிரணி: கொழும்பில் மூலத்தைத் தேடிப் படிக்கும் வழி

இலங்கையின் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி 1964இல் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் சேர்ந்தபோது அதை எதிர்த்து வெளியேறியவர்களைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மூலத்தையே பார்க்க வேண்டும் என்றால் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலிருந்து தொடங்கலாம். அது இருக்கும் வீதிக்கே கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான பிலிப் குணவர்த்தனவின் பெயர்தான்.

அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டுபோங்கள். பத்திரிகைக் கட்டுகளைத் திகதி சொல்லித்தான் கேட்க வேண்டும். "சமசமாஜப் பிளவு" என்று கேட்டால் ஒன்றும் வராது. அரசில் சேர்வதா என்று கட்சி முடிவெடுத்த மாநாடு நடந்தது 1964 ஜூன் 6, 7: சனியும் ஞாயிறும். ஆகவே திங்கள், 8ஆம் திகதியிலிருந்து ஒரு வாரத்தை எடுங்கள். பழைய தாள் மடிப்பில்தான் உடையும். மேல் மூலையைப் பிடித்து, அடியில் உள்ளங்கையைக் கொடுத்துப் புரட்டுங்கள்.

பலர் வழுக்குவது இங்கேதான். அந்த மாநாட்டில் மோதியது இரண்டு அணி அல்ல, மூன்று. சமசமாஜக் கட்சி மட்டும் தனியே அரசில் சேரலாம் என்றார் கட்சித் தலைவர்களில் ஒருவரான என்.எம். பெரேரா. கொல்வின் ஆர். டி சில்வா, லெஸ்லி குணவர்த்தன ஆகியோர், இடதுசாரிக் கட்சிகளின் கூட்டணியான ஐக்கிய இடதுசாரி முன்னணி முழுவதும் சேர வேண்டும் என்றார்கள். எட்மண்ட் சமரக்கொடி, மெரில் பெர்னாண்டோ, பாலா தம்பு, காராளசிங்கம் இருந்த அணி கூட்டையே மறுத்தது. 21 கோரிக்கைகளுக்காக ஒன்றுபட்டு நின்ற தொழிற்சங்கங்களை இந்தக் கூட்டு கலைத்துவிடும் என்பது அவர்கள் வாதம். எங்கள் பார்வையில் அந்த வாதம் சரியாகவே இருந்தது. மூன்று பிரேரணைகளையும் பிரித்து எழுதிக்கொள்ளாமல் மேலே போகாதீர்கள்.

அடுத்தது ஹன்சாட் எனப்படும் நாடாளுமன்ற உரைப் பதிவு, 1964 டிசம்பர் 3. அரசு 74க்கு 73 என்று ஒரே வாக்கில் தோற்ற நாள். வாக்கெடுப்பு நடந்தது சிம்மாசன உரைக்கு, அதாவது அரசின் கொள்கை உரைக்கு, எதிர்த்தரப்பு கொண்டுவந்த திருத்தத்தின் மீது; அதனால் "ஆம்" என்றவர்களே அரசுக்கு எதிரானவர்கள். பெயர்ப்பட்டியலைத் தலைகீழாக வாசித்து எழுதியவர்கள் உண்டு. எட்மண்டும் மெரிலும் "ஆம்" பக்கம். உரைகள் பேசிய மொழியிலேயே இருக்கும், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். அரசு கவிழ்ந்ததன் பின்னணியில் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தைக் கையேற்கும் மசோதா இருந்தது. தினகரன் லேக் ஹவுஸ் பத்திரிகை என்பதால் இந்த வாரத்துச் செய்திகளை வீரகேசரியோடு ஒப்பிடாமல் நம்ப வேண்டாம்.

துண்டுப்பிரசுரங்களில் பெரும்பாலும் திகதி இருக்காது. வெளியேறியவர்கள் வைத்துக்கொண்ட "லங்கா சமசமாஜக் கட்சி (புரட்சிகர)" என்ற பெயரை மட்டும் பார்த்து ஆண்டைத் தீர்மானிக்க முடியாது. கையொப்பம்தான் வழிகாட்டும்: காராளசிங்கம் 1966இல் பழைய கட்சிக்குத் திரும்பினார், எட்மண்ட் 1968இல் பிரிந்தார், பெயர் பாலா தம்புவின் பக்கம் நின்றது.

தமிழ் வாசகர்கள் இதற்குப் பிறகு கேட்க வேண்டிய கட்டு 1966 ஜனவரி. அரச அலுவல்களில் தமிழைப் பயன்படுத்த இடம்தந்த தமிழ் மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்து 8ஆம் திகதி கொழும்பில் நடந்த ஊர்வலத்தில் சமசமாஜக் கட்சியும் இருந்தது. 1956இல் இரு மொழிக்கும் சம அந்தஸ்துக் கேட்ட அதே கட்சி.